ஸ்பிதி சுற்று, செப்டம்பர் இரண்டாம் வாரம்: மணாலியில் தொடங்குவதா, சிம்லாவில் தொடங்குவதா?

காவிரிக்கரை:

வணக்கம் நண்பர்களே. இரண்டு பேர், இரண்டு வண்டி. இரண்டும் ராயல் என்ஃபீல்டு: ஒன்று ஹிமாலயன் 411, இன்னொன்று ஸ்போக் வீல் வைத்த கிளாசிக் 350. கொல்லிமலை, வால்பாறை எல்லாம் பழக்கம்தான், இமயமலைப் பக்கம், அதுவும் ஹிமாசலின் ஸ்பிதி பள்ளத்தாக்கு, முதல் தடவை.

போட்டிருக்கும் திட்டம் இது: சென்னை சென்ட்ரலில் வண்டியை ரயில் பார்சலில் ஏற்றி டெல்லியில் எடுப்பது. டெல்லி – மணாலி. மறுநாள் மணாலி – காஸா, 200 கி.மீ. என்பதால் ஒரே நாளில். காஸாவில் 2 நாள். பிறகு நாகோ, கல்பா, சிம்லா, டெல்லி. மலைக்குள் மொத்தம் 8 நாள், இன்னும் 2 நாள் கூட்டலாம்.

கேள்விகள்: இந்த வரிசை சரியா? பெட்ரோல் கேன் எடுக்கணுமா? சந்திரதால் ஏரியில் ஒரு இரவு தங்கலாமா? இரண்டு வண்டிக்கும் என்னென்ன பார்ட்ஸ் கையில் இருக்கணும்?

மலைச்சாரல்:

நண்பரே, திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவை ஏறியவர்களுக்கு அங்கே வளைவு பெரிய விஷயமே இல்லை. ஆளைப் படுத்துவது இரண்டுதான்: இரவில் எந்த உயரத்தில் படுக்கிறீர்கள், ஓடையை எத்தனை மணிக்குக் கடக்கிறீர்கள். கிலோமீட்டர் கணக்கை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் வண்டி போகிற உச்சம் என்று பார்த்தால் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். காஸா சுமார் 3,650 மீட்டர். மணாலி 2,050 மீட்டர்தான். அங்கே தூங்கி எழுந்து, 4,551 மீட்டர் உயர குன்சும் லா கணவாயைத் தாண்டி, அன்றிரவே காஸாவில் படுத்தால் ஒரே நாளில் படுக்கை 1,600 மீட்டர் ஏறுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கை உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்குள் ஏறவேண்டும் என்பதுதான் மலை மருத்துவத்தில் சொல்லும் வரம்பு. சிம்லா பக்கமிருந்து போனால் சாலையே உங்களை மெதுவாக ஏற்றிக்கொண்டு போகும்.

நான் போடும் வரிசை:

சண்டிகர் – நார்கண்டா. சுமார் 175 கி.மீ., இரவு 2,700 மீட்டர். சிம்லாவில் தங்கவேண்டாம், காலையில் அந்த நெரிசலிலிருந்து வெளியே வரவே ஒரு மணி நேரம் போய்விடும்.

நார்கண்டா – ராம்பூர் – கல்பா. ராம்பூரில் 1,000 மீட்டருக்கு இறங்கி, மறுபடி 2,960க்கு ஏறுவீர்கள். கல்பாவில் இரண்டு இரவு. நடுநாளில் சாமான் இல்லாமல் சித்குல் (3,450 மீட்டர்) போய்த் திரும்புங்கள். உயரத்துக்குப் போய்விட்டுத் தாழ்வில் வந்து தூங்குவது உடம்பைப் பழக்க நல்ல வழி.

கல்பா – தாபோ, சுமார் 170 கி.மீ., முழு நாள். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். வழியில் வரும் நாகோ 3,600க்கு மேல், அதைத் தாண்டி வரும் தாபோ 3,280. நாகோவில் படுத்தால் ஒரே இரவில் 650 மீட்டருக்கு மேல் ஏற்றம், தாபோவில் படுத்தால் 320 மட்டுமே. நாகோ ஏரியைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தாபோ – தன்கர் – காஸா. 47 கி.மீ.தான், தன்கர் ஏறி இறங்க இன்னும் 16. காஸாவில் இரண்டு இரவு. பிறகு குன்சும் லாவுக்கு முந்தைய ஊரான லோசர், குன்சும் லா, மணாலி.

ஸ்பேனர்செட்:

அண்ணன் சொன்ன வரிசையே சரி. வண்டி விஷயம் நான் சொல்றேன்.

ரெண்டு வண்டியும் எஃப்ஐ (ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்), அதனால கார்புரேட்டர் ஜெட் மாத்துற வேலையே கிடையாது. கார்புரேட்டர் வண்டியில மேலே போகப் போகக் காத்து குறையும், பெட்ரோல் அதே அளவு வரும், பிளக் கருத்துப்போகும். எஃப்ஐல சென்சார் பெட்ரோலைக் குறைச்சுக் கொடுத்துடும். ஆனா ஒண்ணு, இழுவை குறையுறதை எந்த சென்சாராலயும் தடுக்க முடியாது. 4,500 மீட்டர்ல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்துல இருக்கறதுல பத்துக்கு ஆறு பங்குதான். 20 குதிரைசக்தி கிளாசிக், அங்கே 12 குதிரைசக்தி வண்டி மாதிரி ஏறும். செகண்ட்ல ஏறுற மேட்டுல ஃபர்ஸ்ட் போடுங்க. பாதி கிளட்ச் பிடிச்சு ரேஸ் பண்ணி ஏத்தினா அரை நாள்ல கிளட்ச் பிளேட் கருகும். கருகின வாசனை வந்தா நிறுத்தி 20 நிமிஷம் ஆறவிடுங்க.

ரெண்டு வண்டிக்கும் கிக்கர் கிடையாது. பேட்டரி 3 வருஷம் தாண்டியிருந்தா ஊர்லயே புதுசு போட்டுடுங்க. லோசர்ல காலையில செல்ஃப் சுத்தலைன்னா தள்ளி ஸ்டார்ட் பண்றது மட்டும்தான் வழி. அதுக்கும் பெட்ரோல் பம்பை ஓட்டுற அளவு பேட்டரியில உயிர் இருக்கணும்.

கையில வச்சுக்க வேண்டியது: கிளட்ச் கேபிள் ரெண்டு வண்டிக்கும் தனித்தனியா, கிளட்ச் லிவர், பிரேக் லிவர், ஸ்பார்க் பிளக் ஒவ்வொண்ணு, செயின் லாக், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, எம்-சீல். புது கிளட்ச் கேபிளைப் பையில வைக்காதீங்க. பழைய கேபிள் பக்கத்துலயே அதே வழியில ஓட்டி, ரெண்டு நுனியையும் டேப் சுத்தி விட்டுடுங்க. அறுந்துச்சுன்னா டேங்கைக் கழட்டாம பத்து நிமிஷத்துல மாட்டிடலாம்.

டியூப்: ஹிமாலயன் முன்னாடி 21 இஞ்ச், பின்னாடி 17. கிளாசிக் முன்னாடி 19, பின்னாடி 18. ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. நாலு டியூபும் சுமக்க இடமில்லைன்னா ஒரு 21ம் ஒரு 18ம் எடுங்க. அவசரத்துக்கு 21 டியூபை மடிப்பு விழாமப் பரப்பி 17லயும் 19லயும் போட்டு, 30 வேகத்துல அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போயிடலாம். டயர் லிவர் 3, பேட்ச், சொல்யூஷன், 12 வோல்ட் காத்து பம்ப் கட்டாயம். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல ஒரு தடவை நீங்களே பின் சக்கரத்தைக் கழட்டி மாட்டுங்க. எந்த ஸ்பேனர் பத்தலைங்கறது அப்பதான் தெரியும்.

காவிரிக்கரை:

அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி, வரிசையைத் திருப்பிட்டோம். உயரத்துக்குப் போனா டயர் காற்றழுத்தம் மாறுமா? ஒருத்தர் அஞ்சு பிஎஸ்ஐ குறைச்சே ஆகணும்னு சொல்றார்.

ஸ்பேனர்செட்:

மாறும், ஆனா குளிர் அதுல பாதிக்கு மேலயே ஈடு கட்டிடும். சண்டிகர்ல 35 டிகிரியில 28 பிஎஸ்ஐ வச்சீங்கன்னு வைங்க. 4,500 மீட்டர்ல வெளிக்காத்தோட அழுத்தம் சுமார் 6 பிஎஸ்ஐ குறைவு, அதனால காத்து அளக்குற மீட்டர் அவ்வளவு கூடக் காட்டணும். ஆனா காலை 5 டிகிரி குளிர்ல டயர் உள்ளே இருக்கற காத்து சுருங்கி 4 பிஎஸ்ஐ போயிடும். மீட்டர்ல சுமார் 30 தெரியும். மதியம் வெயில் ஏறினா 32 தாண்டும். அதனால கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு குறைக்காதீங்க. காஸாவுல காலையில டயர் ஆறியிருக்கும்போது அளந்து முன்னாடி 24, பின்னாடி 28 வைங்க. பின்னாடி அதுக்குக் கீழே போனா, சாமானோட கூர்க்கல்லுல ஏறும்போது ரிம் டியூபைக் கடிச்சு, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

பாரவண்டி:

ரயில் பார்சல் பற்றி. நேராக ஓடும் ரயிலில், அது போய்ச் சேரும் கடைசி நிலையத்துக்கே புக் செய்யுங்கள். நடுவில் இறக்கி வேறு ரயிலில் மாற்றவேண்டிய ஊருக்குப் போட்டால், வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகவும் போடலாம், டிக்கெட் இல்லாமல் பார்சலாகவும் போடலாம். இரண்டிலும் ஆர்சி நகல், இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டை வேண்டும்.

டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக்கூடாது. எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் டியூபைக் கழற்றி வடிப்பது பெரிய வேலை, ஆகவே கடைசி இரண்டு நாள் ஓட்டியே தீர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கைப்பம்பால் உறிஞ்சி எடுங்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வையுங்கள். டேங்க், ஹெட்லைட், சைலன்சர் மூன்றுக்கும் நீங்களே பழைய போர்வை சுற்றிவிட்டு, அதன்மேல் சாக்கு கட்டச் சொல்லுங்கள். வைக்கோல் மட்டும் வைத்துக் கட்டினால் டேங்கில் கீறல் விழுவது நிச்சயம். அனுப்பும் நிலையம், சேரும் நிலையம், வண்டி எண் மூன்றும் மார்க்கரில் பெரிதாக இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

நீங்கள் போய் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பாகவே வண்டி அங்கே சேரும்படி அனுப்புங்கள். அதற்காக ஒரு வாரம் முன்பாகவும் அனுப்பவேண்டாம், இலவச நேரம் முடிந்ததும் மணிக்கணக்கில் வார்ஃபேஜ் (எடுக்காமல் வைத்திருப்பதற்கான கட்டணம்) ஏறும். இறக்கியதும் பெட்ரோல் பங்க் வரை தள்ளித்தான் போகவேண்டும்.

பனிக்கோடு:

பெட்ரோல் கேன் கேள்விக்கு: 5 லிட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பக்கம் பங்க் மிகக் குறைவு.

மலைச்சாரல்:

இதில் நான் மாறுபடுகிறேன், கணக்கைப் பார்ப்போம். கல்பாவுக்குக் கீழே இருக்கும் ரெகாங் பியோ ஊருக்கும் கீழே, போவாரியில் பங்க். அடுத்தது காஸா, சுமார் 200 கி.மீ. கியூ கிராமத்துக்கும் தன்கருக்கும் விலகிப் போனால் இன்னும் 32. காஸாவிலிருந்து மணாலி சுமார் 200, சந்திரதால் போனால் கூட 28. ஆக எந்தத் துண்டும் 240ஐத் தாண்டவில்லை. ஃபர்ஸ்ட், செகண்டிலேயே ஓடுவதால் ஹிமாலயனுக்கு லிட்டருக்கு 22 என்று குறைத்தே போடுங்கள், 15 லிட்டருக்கு 330. கிளாசிக்குக்கு 26 போட்டால் 13 லிட்டருக்கு 338. கேன் எதற்கு? கசிகிற 5 லிட்டரைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு கல்லில் குதிப்பது கூடுதல் ஆபத்து.

பனிக்கோடு:

கணக்கு சரிதான், ஆனால் அது காஸா பங்கில் பெட்ரோல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. கல்பா இருக்கும் கின்னௌர் மாவட்டத்தில் மலை சரிந்தால் டேங்கர் வராது. கரண்ட் போனாலும் பம்ப் நிற்கும்.

மலைச்சாரல்:

அது நியாயமான கவலை. அதற்கு வழி, காஸாவில் கிளம்பும் காலையில் நிரப்பலாம் என்று இருக்காமல், போய்ச் சேர்ந்த மாலையே முழுக்க நிரப்பிவிடுவது. இரண்டு நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக், கீ, கிப்பர் என்று பக்கத்துக் கிராமங்களைச் சுற்றினாலும் நூற்றுக்குள்தான் ஓடும். கிளம்பும்போது பங்க் மூடியிருந்தாலும் மணாலி போய்விடலாம். சந்திரதாலுக்கு விலகுவதை மட்டும் விட்டுவிடவேண்டும்.

பணத்துக்கும் இதே கதைதான். காஸாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். சிக்னல் போனால் யுபிஐயும் போய்விடும். தங்கல், சாப்பாடு, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் ராம்பூரிலேயே ரொக்கம் எடுங்கள். ஜம்மு காஷ்மீர், லடாக் போல ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாத சிக்கல் ஹிமாசலில் இல்லை. காஸாவில் பிஎஸ்என்எல், ஜியோ கிடைக்கும். லோசரைத் தாண்டினால் மணாலிக்கு முன்னால் வரும் அடல் சுரங்கப் பக்கம் வரும்வரை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ_பயணி:

மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியில் தனி அனுமதி தேவையா?

மலைச்சாரல்:

தேவை. ரெகாங் பியோவைத் தாண்டிக் காஸா வரை வெளிநாட்டவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், திபெத் எல்லை அருகில் இருப்பதால். மலேசியா, இலங்கை, சிங்கப்பூர் எல்லாருக்கும் இதுதான். ரெகாங் பியோவில் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் வாங்கலாம். கடவுச்சீட்டு நகல், விசா நகல், புகைப்படம் இரண்டு மூன்று செட் வையுங்கள். ஞாயிறன்று கிடைக்காது, ஆகவே கல்பாவில் தங்கும் நடுநாள் வேலைநாளாக விழும்படி தேதி போடுங்கள். வழியிலுள்ள சோதனைச்சாவடிகளில் காட்டவேண்டும். இந்தியர்களுக்கு இந்தச் சாலையில் அனுமதி வேண்டாம், அடையாள அட்டை போதும். அடல் சுரங்கம் வழியாக மணாலிக்கு இறங்குபவர்களுக்கு ரோத்தாங் கணவாய் அனுமதியும் வேண்டாம்.

பனிக்கோடு:

சந்திரதால் இரவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏரி 4,250 மீட்டர். காஸாவில் லேசான தலைவலி இருந்தால்கூட அங்கே படுக்கப் போகாதீர்கள். காரணம் உயரம் மட்டுமில்லை. காஸாவில் நடு இரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் உண்டு, தாபோவுக்கு இறக்கினால் 400 மீட்டர் கீழே போகலாம். சந்திரதாலில் இருந்து இறக்கினால் கிடைப்பது மணாலி வழியிலுள்ள பாத்தல் என்ற இடம், அதுவே 3,960 மீட்டர். அதற்குக் கீழே போக ஓடைகளை இருட்டில் கடக்கவேண்டும்.

தலைவலியோடு வாந்தி, பசியின்மை, தள்ளாட்டம் எது சேர்ந்தாலும் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். ஒரு சோதனை: தரையில் ஒரு கோட்டின்மேல் குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டும்படி அடிமேல் அடி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். கோட்டைவிட்டு விலகினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரல். இரண்டுக்கும் உடனே கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஸ்பேனர்செட்:

ஓடை கடக்கறது எப்படின்னு நான் எழுதிடறேன். மணாலி போற வழியில பாத்தல்ல இருந்து கிராம்பூங்கற இடம் வரைக்கும் ஏறக்குறைய 50 கி.மீ. தார் ரோடுன்னு நினைச்சுப் போகாதீங்க. மேலே இருக்கற பனி வெயில்ல உருகி ரோட்டுக்குக் குறுக்கே ஓடும். காலை 7 மணிக்குக் கணுக்கால் அளவு ஓடுற அதே ஓடை மதியம் 3 மணிக்கு முழங்காலுக்கு வரும், கீழே இருக்கற கல்லும் உருளும். அதனால லோசர்ல விடியக்காலை கிளம்பி, ஓடையெல்லாம் 10, 11 மணிக்குள்ள தாண்டிடணும்.

முதல்ல ஒருத்தர் இறங்கி நடந்து பாருங்க. தெளிவா, அமைதியா இருக்கற இடம் ஆழம். சலசலன்னு வெள்ளையா நுரைக்கிற இடத்துல ஆழம் குறைவு, கல் இருக்கும். ஃபர்ஸ்ட் கியர், கிளட்சை முழுசா விட்டுடணும், ஒரே அளவு ஆக்சிலரேட்டர், பார்வை எதிர்க்கரையில. முன் சக்கரத்தைப் பார்த்துக்கிட்டே ஓட்டினா அங்கேயே விழுவீங்க. நடுவுல மாட்டிக்கிட்டா ஆக்சிலரேட்டரைக் குறைக்காதீங்க, இன்னொருத்தர் பின்னாடி இருந்து தள்ளட்டும்.

வண்டி தண்ணியில சாஞ்சு இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சுன்னா உடனே செல்ஃப் அடிக்காதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். கரைக்குத் தள்ளிட்டு வாங்க, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க. அது ஈரமா இருந்தா பிளக்கைக் கழட்டிட்டு, அந்த ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிச்சு நிக்கற வரைக்கும் செல்ஃப் சுத்துங்க. துடைச்சு மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆயில் பால் கலந்த காபி நிறத்துல இருந்தா அந்த வண்டியை ஓட்டாதீங்க, ஏத்திட்டுத்தான் போகணும்.

ஒவ்வொரு ஓடைக்கும் அப்புறம் பிரேக்கை ரெண்டு மூணு தடவை லேசா அமுக்கிக் காய வைங்க. சாயங்காலம் செயினுக்கு லூப்ரிகன்ட் (மசகு) அடிங்க.

காவிரிக்கரை:

திருத்திய திட்டம்: சண்டிகர் – நார்கண்டா 1, கல்பா 2, தாபோ 1, காஸா 2, லோசர் 1, மணாலி 1, கூடுதலாக 2 நாள் கையில். சந்திரதாலை விட்டுவிட்டோம். காஸாவிலிருந்து லோசர் போகிற நாளில் கீ, கிப்பர் பார்த்துவிட்டு சிச்சம் பாலம் வழியாகவே போய்விடலாமா?

மலைச்சாரல்:

போகலாம். சிச்சம் பாலத்தைத் தாண்டிக் கியாதோவில் இறங்கினால் லோசர் சாலையில் சேர்ந்துவிடும், காஸாவுக்குத் திரும்பத் தேவையில்லை. பாலத்தின் நடுவில் நிறுத்திக் கீழே எட்டிப் பாருங்கள். 2017இல் பாலம் திறக்கும் வரை அந்தப் பிளவைக் கம்பிக்கயிற்றில் தொங்கும் கூடையில்தான் கடந்தார்கள்.

தாபோவில் காலை நேரத்தைக் கோயிலுக்கு ஒதுக்குங்கள். 996இல் நிறுவிய மண்கோயில், உள்ளே சுவரெங்கும் ஓவியம். படம் எடுக்கக்கூடாது. உள்ளே இருட்டு, கண் பழகப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய நாள் காப் பாலத்தில் நிறுத்தினால், கலங்கிய சட்லெஜில் ஸ்பிதி ஆறு கலக்கும் இடம் தெரியும். அங்கிருந்து கா வளைவுகள் ஏற்றம். வளைவில் உட்பக்கச் சரளையில் போகாமல், எதிர்வண்டியைப் பார்த்து அகலமாக எடுங்கள்.

அந்த 2 உபரி நாளை மணாலியில் வைக்காதீர்கள், காஸாவில் வைத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் திடீர்ப் பனி விழுந்து லாஹௌல்-ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் போவது இரண்டாம் வாரம், அந்த அபாயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குன்சும் மூடினால் தாபோ, கல்பா வழியாகவே திரும்பவேண்டியிருக்கும், அதற்குச் சண்டிகர் வரை 3 நாள் வேண்டும். கீழே கின்னௌரிலும் மழை முழுசாக ஓய்ந்திருக்காது. 2021 ஆகஸ்டில் நிகுல்சரியில் பஸ்ஸின்மேல் மலை சரிந்தது இந்த நெடுஞ்சாலை 5இல்தான். அந்தப் பகுதியில் சரிவுக்கு அடியில் படம் எடுக்க நிறுத்தாதீர்கள், சின்னக் கல் உருளும் சத்தம் கேட்டால் அது நிற்கும்வரை தள்ளியே நில்லுங்கள்.

காவிரிக்கரை:

சரிங்கண்ணே, உபரி நாளைக் காஸாவுக்கு மாத்திட்டோம். கிளாசிக் பின் டயர் பாதி தேய்ஞ்சிருக்கு, மாத்தணுமா?

ஸ்பேனர்செட்:

மாத்திடுங்க, ஆனா பார்சல் போடுற அன்னைக்கு மாத்தாதீங்க. புது டயர்ல மேலே வழவழப்பு இருக்கும், 200 கி.மீ. ஓட்டினாத்தான் போகும். கிளட்ச் கேபிளும் பிரேக் பேடும் அதே சமயத்துல மாத்தி, வால்பாறைக்கு ஒரு நடை முழு லோடோட போயிட்டு வாங்க. பை எங்கே உரசுது, எந்தப் பட்டை தளருதுன்னு பார்த்துட்டு, கனமான டூல்ஸை எல்லாம் பின் பெட்டியில இருந்து எடுத்து சைடு பையோட அடியில, முன்பக்கமா வைங்க. பின்னாடி கனம் ஏறினா கா வளைவுல முன் சக்கரம் லேசாகி, ஹாண்டில் திருப்பினாலும் வண்டி நேரா போகும்.

பனிக்கோடு:

லோசர் போலீஸ் சாவடியில் பெயர் எழுதும்போதே, அன்று காலை மணாலி பக்கமிருந்து வண்டி ஏதாவது வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் 9 மணி வரை காத்திருந்துவிட்டு, அப்போதும் வராவிட்டால் அன்றைக்குக் கிளம்பவேண்டாம்.